பத்து பூத்தேயில் தங்கப் போகிறவர்களுக்கு: கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் ஊரே நடத்தும் தங்குமிடம்

பத்துமலை முருகனைப் பார்த்து வந்தவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். அந்தப் 'பத்து' எண் அல்ல, மலாய் மொழியில் கல் என்று பொருள். பத்து பூத்தே என்றால் வெள்ளைக்கல். போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாத்தாங்கான் ஆற்றின் கரையில் இருக்கிற ஊர் அது. 560 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறுதான் சபாவிலேயே நீளமானது. கரையோர மக்களுக்கு ஓராங் சுங்கை, அதாவது ஆற்று மக்கள், என்று பெயர். மலேசிய ஊர்ப் பெயர்களில் சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட் என்று வருகிறதே, அதே சுங்கைதான்.

இந்த ஊரில் ஹோட்டல் முதலாளி என்று யாரும் கிடையாது. ஒரு காலத்தில் இங்குள்ள ஆண்களுக்கு மரம் வெட்டும் கம்பெனிகள்தான் பெரும்பாலும் பிழைப்பு. வெட்டத் தோதான மரம் குறைந்தது, சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தன. 1990களின் பின்பகுதியில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் நார்வே கிளை உதவியோடு மெஸ்கோட் என்ற திட்டத்தை ஊர்க்காரர்கள் தொடங்கினார்கள். 2003இல் அது கோபெல் என்ற கூட்டுறவுச் சங்கமாக ஆனது. வீடுகளில் விருந்தாளிகளைத் தங்க வைப்பது, படகு, வழிகாட்டி, காட்டு முகாம், மரம் நடுவது எல்லாம் இந்தச் சங்கத்தின் கையில்தான்.

நான் முதல் தடவை போனபோது ஒரு விஷயம் புரியாமல் கொஞ்சம் எரிச்சல்பட்டேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டே போகலாம். எங்கள் ஊரில் ஏரிப் பாசனத்துக்கு முறை வைப்பார்கள். இன்று உன் வயல், நாளை என் வயல். பத்து பூத்தேயில் விருந்தாளிக்கு முறை. எந்த வீட்டுக்கு யார் போவது, எந்தப் படகுக்காரர் இன்று ஓட்டுவது என்பதெல்லாம் வரிசைப்படி வரும். வருமானம் நாலு வீட்டோடு நின்றுவிடாமல் ஊர் முழுக்கப் போக இதுதான் வழி. அதனால் 'போன தடவை வந்த வழிகாட்டியே வேண்டும்', 'படத்தில் பார்த்த அந்த மாடி வீடுதான் வேண்டும்' என்று கேட்டால் அவர்களுக்குத் தர்மசங்கடம். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார்கள், ஆனால் நடக்காது. கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்கு இந்த முறைதான் காரணம்.

எப்போது போவது

மார்ச் முதல் அக்டோபர் வரை நல்லது. நவம்பரில் மழை வலுக்கும், டிசம்பர், ஜனவரியில் ஆறு கரை புரளும். வெள்ளம் வந்தால் காட்டுப் பாதையெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விடும். வெள்ளக் காட்டுக்குள் படகில் போவது தனி அனுபவம்தான், ஆனால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ரமலானில் வருகிறவர்களையும் கவனித்துக்கொள்வார்கள். ஆனாலும் நோன்பிருக்கும் வீட்டில் நாம் மட்டும் பகலில் உட்கார்ந்து சாப்பிடுவது நமக்கே ஒரு மாதிரி இருக்கும். பெருநாள் வாரத்தில் வழிகாட்டிகள் எல்லாரும் சொந்தக்காரர் வீடுகளில் இருப்பார்கள். ரமலான் வருஷாவருஷம் 11 நாள் அளவுக்கு முன்னால் நகரும், ஆகவே அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எத்தனை நாள்? குறைந்தது 3 இரவு. 2 இரவை ஊர் வீட்டிலும் 1 இரவைத் துங்கோக் ஏரிக்கரை முகாமிலும் கழிக்கலாம். ஒரே இரவு தங்கி ஓடி வருகிறவர்கள் ஒரு படகுச் சவாரியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சங்கத்துக்கு எழுதுவது

நேரடியாகச் சங்கத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள். இடைத்தரகர் மூலமும் போகலாம், ஆனால் நடுவில் ஒரு கை கூடும்போது ஊருக்குப் போகும் பங்கு குறையும். குறைந்தது ஒரு மாதம் முன்னால் எழுத வேண்டும். பதில் வர நாலைந்து நாள் ஆகலாம், பதறாதீர்கள். கடிதத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: எத்தனை பேர், யார் யார் என்ன வயது, எந்தத் தேதி, எந்த வழியாக வருகிறீர்கள், யாருக்கு என்ன சாப்பிடக்கூடாது, யாருக்காவது முழங்கால் வலி, ஆஸ்துமா உண்டா. கடைசியில் சொன்னதைப் பலரும் எழுதுவதில்லை. எந்தப் பாதையில் கூட்டிப்போவது, எத்தனை வழிகாட்டிகளை அனுப்புவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

போய்ச் சேருவது

சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு, 4 மணி நேரப் பயணம். அங்கிருந்து சபாவில் உள்ள சண்டக்கான் நகரத்துக்கு இன்னொரு விமானம், ஏறக்குறைய 3 மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போய்வர முடிகிறது. இது நீட்டித்து நீட்டித்து வரும் சலுகை என்பதால் டிக்கெட் எடுக்குமுன் ஒரு முறை சரிபாருங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

சபாவுக்கென்று தனிக் குடிநுழைவு உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சண்டக்கானில் மறுபடி பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். கிள்ளானிலிருந்து எங்களோடு வந்த என் சித்தி மகனுக்கும் இதே கதைதான். அவன் மலேசியக் குடிமகன், அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே வந்தான். 'என் நாட்டுக்குள்ளேயே எனக்கு இமிகிரேஷன் பார்த்தாயா' என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

சண்டக்கானில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் அட்டை தேய்க்கும் பேச்சே வேண்டாம். அப்புறம் லஹாட் டத்து போகும் பஸ்ஸில் ஏறி, 'ஜம்பத்தான் பத்து பூத்தே' என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பத்து பூத்தே பாலம் என்று அர்த்தம். நெடுஞ்சாலை கினபாத்தாங்கானைக் கடக்கும் இடம் அதுதான், சுமார் 2 மணி நேரத்தில் வந்துவிடும். வழி நெடுக எண்ணெய்ப்பனை, எண்ணெய்ப்பனை, எண்ணெய்ப்பனை. காடு எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆற்றை ஒட்டி ஒரு பட்டையாகத்தான் மிச்சம் இருக்கிறது, யானையும் ஒராங்குட்டானும் அந்தப் பட்டைக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. இங்கே இத்தனை விலங்குகள் கண்ணில் படுவதற்கு அது ஒரு காரணம். சந்தோஷமான காரணம் இல்லை.

பையில் என்ன

இறுக்கமாக நெய்த மெல்லிய முழுக்கை சட்டை, கால்சட்டை இரண்டிரண்டு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அங்கே 3 நாளானாலும் காயாது. மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, ஒரு லுங்கி அல்லது கைலி, கொசு விரட்டி, இருநோக்கி. மலேசியாவில் கனமான சதுர முள் மூன்று கொண்ட பிளக், நம் சார்ஜர் நேரடியாகப் பொருந்தாது, அதற்கு ஒரு அடாப்டர். போனுக்கும் காமிராவுக்கும் தண்ணீர் புகாத பை. என் பழைய போன் கினபாத்தாங்கானின் அடியில் கிடக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காலுக்கு என்ன போடுவது? விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸ் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சண்டக்கானில் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் 'அடிடாஸ் கம்போங்' என்று கேளுங்கள். கம்போங் என்றால் கிராமம். முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்பு ஷூ, அடியில் பந்து விளையாடும் ஷூ போல முள் முள்ளாக இருக்கும். பெரிய கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள் போட்டது, கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்கள் இன்றும் போடுவது. சேற்றில் வழுக்காது, ஆற்றில் அலசினால் சுத்தம், காயவைக்க வேண்டியதே இல்லை. விலையும் மிகக் குறைவு. தடித்த காலுறை போட்டுக்கொண்டு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

அங்கேயே, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைத் தடுக்கும் அட்டை உறையும் வாங்கலாம். முழங்கால் வரை வரும் துணிக் காலுறை அது. கால்சட்டையை அதற்குள் செருகி மேலே நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும்.

வீட்டுக்குள்

ஊரின் வீட்டுத் தங்கலுக்கு 'மீசோ வாலாய்' என்று பெயர். எல்லாரும் ஒரே வீடு என்பது போன்ற அர்த்தம். செருப்பை வாசலில் விடுவது, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, வலது கையால் பிசைந்து உண்பது, தொட்டித் தண்ணீரை மொண்டு குளிப்பது என்று வெள்ளைக்காரப் பயணிகள் பாடம் படித்துக்கொண்டு வரும் எதுவும் நமக்குப் புதிதல்ல. எங்களுக்குச் சோறு போட்ட அம்மா, என் மனைவி கையால் ரசம் போல எதையோ உறிஞ்சிக் குடித்ததைப் பார்த்துவிட்டு ஸ்பூனை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வயதில் மூத்த பெண்ணை 'மக்சிக்', ஆணை 'பக்சிக்' என்று கூப்பிடுங்கள். அத்தை, மாமா என்று நாம் சொல்வது மாதிரி. நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் காக்கா, அபாங். 'காக்கா' அக்கா, காகம் இல்லை; 'அபாங்' அண்ணன். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். குளித்துவிட்டு வரும்போது உடம்பை மூடிக்கொண்டு வாருங்கள், கைலி அதற்குத்தான். மது கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்குக் கொடுக்க ஏதாவது எடுத்துப் போகலாம். எள்ளுருண்டை, முறுக்கு நன்றாகவே செல்லுபடியானது.

சைவர்கள் கவனிக்க

இதற்கு ஒரு தனிப் பத்தி தேவை. 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. மலாய்ச் சமையலில் இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த பெலாச்சான் என்ற சாந்து, நம் பெருங்காயம் மாதிரி, எதில் வேண்டுமானாலும் இருக்கும். சம்பலில் இருக்கும், கீரை வதக்கலில் இருக்கும். அதோடு ஈக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாடும் தூவலாக வரும். சண்டக்கானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் மாமியார் கங்கோங் கீரையை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, 'என்ன மணம், என்ன போட்டிருக்கிறார்கள்' என்று விசாரித்தார். நான் பொய் சொல்லிவிட்டேன்.

ஆகவே சங்கத்துக்கு எழுதும்போதே, மீன், கோழி, முட்டை, பெலாச்சான், ஈக்கான் பிலிஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி 'தாக் மாக்கான்' (சாப்பிட மாட்டோம்) என்று எழுதுங்கள். வீட்டிலும் முதல் நாளே சொல்லுங்கள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். மரவள்ளி இலை, காட்டுப் பெரணித் தளிர், வெள்ளரி, வாழைப்பழம் என்று ஏதாவது செய்து தருவார்கள். முதல் வேளைக்கு வேகம் வராது, ரெண்டாம் வேளைக்குச் சரியாகிவிடும். பருப்புப்பொடி ஒரு டப்பா இருந்தால் கவலையே இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆற்றின் பெரிய இறால் கிடைத்தால் யோகம்.

படகில்

போர்னியோ கிழக்கே தள்ளி இருக்கிறது, ஆனால் கோலாலம்பூருக்கும் இங்கும் ஒரே மணிதான். அதனால் காலை 6 மணி வாக்கில் விடிந்து, மாலை 6 மணிக்குப் பிறகு சடாரென இருட்டிவிடும். மாலைப் படகு 4 மணியைச் சுற்றிக் கிளம்பும், தாமதித்தால் அந்த நாள் போச்சு.

மாலையில்தான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் குரங்கு. நீள மூக்குக் குரங்கு உலகில் போர்னியோவில் மட்டும்தான் உண்டு. பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, பொழுது சாயும்போது ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும். படகை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் தொந்தி தெரியும், அப்புறம் தொங்கும் மூக்கு. கிளை சரசரக்கும், ஒன்று கையை விரித்துக்கொண்டு வயிறு முன்னால் வர அடுத்த மரத்துக்குப் பாயும், இலைகளுக்குள் 'தொப்' என்று விழும். மலாய்க்காரர்கள் இதை 'டச்சுக் குரங்கு' என்று சொல்வதுண்டு, மூக்கையும் தொந்தியையும் பார்த்து வைத்த பெயர்.

இருவாச்சிகளை எங்கள் வழிகாட்டி சிறகுச் சத்தத்தை வைத்தே சொன்னார். இந்த ஆற்றோரத்தில் 8 வகை இருவாச்சிகள் உண்டு. போர்னியோ யானை நம் யானையைவிடக் குட்டை. அது கண்ணில் படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, காட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். ஒராங்குட்டான் தனித்து வாழும் விலங்கு, மரத்தில் பழம் உள்ள காலத்தில் வாய்ப்பு கூடுதல். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திரும்பும் வழியில் சண்டக்கான் பக்கத்தில் செப்பிலோக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, 1964 முதல் நடக்கிறது.

உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். கையைத் தண்ணீரில் விட்டு அளையாதீர்கள். ஆற்றில் உப்புநீர் முதலைகள் உண்டு. ஊர்ப் பையன் குதித்தாலும் நீங்கள் குதிக்காதீர்கள்.

நடக்கும்போது: அட்டை

வால்பாறை, கொல்லிமலைப் பக்கத்து ஆட்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: இங்கே இரண்டு வகை அட்டை. பழுப்பு அட்டை தரையிலிருந்து ஏறும், கடித்தது தெரியாது. வரிப்புலி போல மஞ்சள் கோடு போட்ட அட்டை இலை நுனியில், இடுப்பு உயரத்தில் காத்திருக்கும். அது கடித்தால் சுரீர் என்று உறைக்கும். அட்டை உறை முதலாவதைத்தான் தடுக்கும். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொள்வது ரெண்டாவதுக்கு.

ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், நெருப்பால் சுடாதீர்கள். விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு வைத்து நெருடித் தள்ளினால் விட்டுவிடும். உடனே சுண்டி எறிய வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது கடிவாயில் விட்டுவிடுவதால் கசிவு நெடுநேரம் நிற்காது. பயப்பட வேண்டாம், ஒரு பிளாஸ்திரி போதும். நம்மூர் மூக்குப்பொடி வைத்தியத்தை நான் அங்கே காட்டினேன். வழிகாட்டி முகர்ந்து பார்த்து நாலு தும்மல் போட்டார், அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகாமும் மரம் நடுதலும்

துங்கோக் ஏரி, ஆறு பழைய வளைவை விட்டு விலகியபோது உண்டான குளம். அதன் கரையில் மேடையிட்ட திறந்த மரக் குடில்கள், உள்ளே மெத்தை, கொசுவலை. சுவர் கிடையாது, கழிவறை பொது. படுத்த இடத்திலிருந்தே காட்டின் சத்தம் முழுக்கக் காதில் விழும், முதல் இரவு தூக்கம் பிடிக்காது. சாப்பாட்டுப் பொருளைக் குடிலில் வைக்காதீர்கள். எலியும் குரங்கும் ஜிப்பைக்கூடத் திறக்கும்.

இந்த ஏரியை ஒரு காலத்தில் சால்வீனியா என்ற மிதக்கும் களை முழுக்க மூடியிருந்தது. பிரேசிலிலிருந்து உலகமெங்கும் பரவிய களை. கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்று திட்டுகிறார்களே அதுதான், இலங்கையின் வயல்களையும் குளங்களையும் பாழாக்கியதும் அதுவே. ஊர்க்காரர்கள் கையாலேயே வாரி வாரி அப்புறப்படுத்தினார்கள். விட்டால் மறுபடி மூடிவிடும், ஆகவே அது தீராத வேலை. விருந்தாளிகளும் கை கொடுக்கலாம்.

மரம் நடும் நிகழ்ச்சி இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். படம் எடுக்க ஒரு கன்று நட்டுவிட்டுக் கிளம்புவதைவிட, ஏற்கெனவே நட்ட கன்றைச் சுற்றிப் புல் அறுப்பது அவர்களுக்கு உபயோகம். புல்லும் கொடியும் மூடிச் சாகும் கன்றுகள்தான் அதிகம் என்று வழிகாட்டி சொன்னார். அரை மணி நேரத்தில் முதுகு பேசும். அங்கே லாரான் என்று ஒரு மரத்தைக் காட்டினார். மஞ்சள் உருண்டைப் பூ, அகன்ற இலை. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். மதுரை மீனாட்சி கோயிலின் தலமரம், நம் கடம்பு!

கிளம்பும்போதும் பிறகும்

மிச்சக் கணக்கைச் சங்க அலுவலகத்தில் தீர்த்துவிட்டு ரசீது வாங்குங்கள். வீட்டில் தனியாகப் பெரிய தொகையைத் திணிக்காதீர்கள், அடுத்த வீட்டு முறைக்கு வருகிறவரிடமும் அதே எதிர்பார்ப்பு கிளம்பிவிடும். தாராளமாகக் கொடுக்க மனமிருந்தால் சங்கத்தின் காடு வளர்ப்புக்குக் கொடுக்கலாம்.

கடைசியாகக் காய்ச்சல். டெங்கு நமக்குத் தெரியும். சபாவில் இன்னொன்றும் உண்டு, குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோல்சி மலேரியா. மற்ற மலேரியாக் கிருமிகளைவிட இது வேகமாகப் பெருகும், 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. போகுமுன் உங்கள் மருத்துவரிடம் மலேரியா மாத்திரை தேவையா என்று கேளுங்கள், மாலைக்கு மேல் முழுக்கை சட்டையும் கொசு விரட்டியும் விடாதீர்கள். ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், 'சபா காட்டில் தங்கிவிட்டு வந்தேன், குரங்கு மலேரியாவுக்கும் பாருங்கள்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். நுண்ணோக்கியில் வேறு வகை மலேரியா போலவே அது தெரியும், நாம் சொல்லாவிட்டால் நம்மூர் மருத்துவருக்கு அந்த நினைப்பு வர வழியில்லை.